நர்ஸம்மா வந்திருக்காக



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடக்கிறது. கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. நாலு பக்கம், நீல மை. முதல் பக்கம் முழுக்கச் சந்தோஷம்: மருமகள் முழுகாமல் இருக்கிறாள். இரண்டாவது பக்கம் மசக்கை: தெருமுனையில் கருவாட்டு வாசம் வந்தாலே பிள்ளைக்குக் குமட்டுகிறதாம். மூன்றாவது பக்கத்தில் கோபம் தொடங்குகிறது. “டவுன்ல டாக்டரம்மாட்ட காட்டுறோம். ஸ்கேனும் எடுத்தாச்சு. பெறகு எதுக்கு ஊரு நர்ஸம்மா மாசாமாசம் வந்து வயித்தத் தொட்டுப் பாத்து நோட்டுல எழுதிட்டுப் போறாக? நம்பர் வாங்கத்தான அவுக வேணும்? அதான் வாங்கியாச்சே!” நாலாவது பக்கத்தில் என் வீட்டார் நலம் விசாரித்து, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அனுப்பி வைப்பதாகச் சொல்லி முடித்திருக்கிறார். (இன்னும் வந்து சேரவில்லை, அம்மா.)

அந்த நம்பரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பம் என்று தெரிந்ததும், கூடியவரை 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிய வேண்டும். பதிந்தால் 12 இலக்கத்தில் ஓர் எண் வரும். ஊரில் அதற்குப் பெயர் ‘பிக்மி நம்பர்’. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவிக்கு அது வேண்டும். எண்பதுகளின் கடைசியில் 300 ரூபாயாக இருந்த அந்த உதவி 2018-ல் 18,000 ரூபாய் ஆனது. அதில் 4,000 ரூபாய் பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து டானிக்கும் வைத்த பெட்டகங்களாக வரும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குப் போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். ஆக, தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களும் எண்ணுக்காக நர்ஸம்மாவைத் தேடி வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரை ‘நம்பரம்மா’ என்றே கூப்பிடுகிறார். அவரும் சிரித்துக்கொண்டே ‘என்ன தாத்தா’ என்கிறார்.

வாசகியின் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் மாசி மாதம் ஊருக்குப் போனேன். உளுந்து எடுத்து முடிந்து காடு வெறிச்சென்று கிடந்தது. கரிசல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. துணை சுகாதார நிலைய நர்ஸம்மா (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்) ஒருநாள் தன்னோடு வரச் சம்மதித்தார். “ஆறரைக்கே வந்துருங்கண்ணே. ஏழரைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துரும். அதுக்கப்புறம் ஒரு புள்ளத்தாச்சியையும் வீட்ல பிடிக்க முடியாது.”

முதல் வீட்டில் ஒரு பெண். இருபத்திரண்டு வயதிருக்கும், தலைச்சன். ஏழாம் மாதம். கட்டை அடுக்கும் வேலை. உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பாள். நர்ஸம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததும் பையைத் திறக்கவில்லை. கருப்பட்டிக் காப்பியை வாங்கிக்கொண்டார். பேச்சு மழை, மிளகாய் விலை, சின்ன மாமனார் கண் ஆபரேஷன் என்று எங்கெங்கோ போனது. ஆனால் அவர் கண் மட்டும் அந்தப் பெண்ணின் கால் விரலிலேயே இருந்தது.

“மெட்டி இறுகியிருக்கே தாயி. எப்பருந்து?”

“நாலஞ்சு நாளா இருக்கும்க்கா.”

அவள் மாமியார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். “புள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தான் செய்யும். நாங்கல்லாம் வீங்கலையா?”

“கால் வீங்கலாம் ஆத்தா. மூஞ்சி வீங்கக் கூடாது.” சொல்லிக்கொண்டே குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அது மெல்ல நிறைவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் பை திறந்தது.

ரத்த அழுத்தக் கருவியில் மேலே 138, கீழே 90. அவளைப் படுக்க வைத்தார். படுத்திருக்கும்போதே உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றைத் தடவினார். தலை எங்கே, முதுகு எங்கே என்று விரல்கள் தேடுவதைப் பார்த்தால் கண் தெரியாதவர் முகத்தைத் தடவிப் பார்ப்பது போலிருந்தது. தையல்காரர் டேப்பை எடுத்து இடுப்பெலும்பிலிருந்து கருப்பையின் மேல்விளிம்பு வரை அளந்தார். 29 சென்டிமீட்டர். ஆறாம் மாதத்துக்கு மேல் வாரம் எத்தனையோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இவர்கள் கணக்கு. அவளுக்கு 30 வாரம். “வளர்த்தி சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு. கையில் கடிகாரம், உதட்டில் எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 120-க்கும் 160-க்கும் நடுவே இருந்தால் நல்லது. 144 இருந்தது. கருவியை மாமியார் காதில் வைத்தார். அதுவரை அடுப்படியிலிருந்து சட்டம் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. 140-க்கு 90 என்பது எல்லைக்கோடு. இரண்டில் எது எட்டினாலும் கவனிக்க வேண்டும். அவளுக்குக் கீழ் எண் எட்டிவிட்டது. அதோடு முகம் வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. “இன்னைக்கு ஆபீஸ் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வா, மூத்திரத்துல புரோட்டீன் பாக்கணும், டாக்டரும் பாக்கட்டும்” என்றார். ஒரு நாள் கூலி போகிறதே என்று பெண் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? முற்றத்துக் கோழியைப் பார்த்தேன். கடைசியில் மாமியாரே எழுந்து சேலை மாற்றிக்கொண்டார். “நானே கூட்டிட்டு வாரேன்.” காதில் கேட்ட 144 செய்த வேலை அது.

அடுத்த வீடு இரண்டாவது பிள்ளைக்காரி, ஐந்தாம் மாதம், ரத்தம் குறைவு. இங்கே நடந்தது துப்பறியும் வேலை. “மாத்திரை போடுறியா?” “போடுறேன்க்கா.” “அட்டையக் கொண்டா.” அட்டையில் குழிகள் எல்லாம் காலி. நான் நம்பிவிட்டேன். நர்ஸம்மா நம்பவில்லை. குரலைத் தணித்து, “வெளிக்கு கறுப்பாப் போகுதா?” என்றார். அவள் விழித்தாள். இரும்புச்சத்து மாத்திரை உள்ளே போனால் மலம் கறுக்கும். கறுக்கவில்லை என்றால் மாத்திரை வயிற்றுக்குப் போகவில்லை. மாத்திரைகள் கொல்லையில் முருங்கை மரத்தடிக்குப் போயிருந்தன. போட்டால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்று யாரோ சொன்னார்களாம். “முருங்கைக்கு எதுக்குடி இரும்பு? அதுகிட்டதான் நெறைய இருக்கே” என்று நர்ஸம்மா சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். திட்டியிருந்தால் அடுத்த மாதமும் மரத்தடிக்குத்தான் போயிருக்கும். காப்பி, டீயோடு போடாதே, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போடு, கூடவே எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இது அற்ப விஷயமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். மாத்திரை இலவசம், எல்லாத் துணை நிலையங்களிலும் கிடைக்கிறது. வாங்கியது வாய்க்குப் போயிற்றா, முருங்கைக்குப் போயிற்றா என்பது ஸ்கேனில் தெரியாது.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அக்காவை விளாத்திகுளம் பக்கத்தில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தோம். வந்த எட்டாம் நாள் தலைவலி. அம்மா சுக்கை உரசிப் பற்றுப் போட்டாள். “கண்ணு மங்கலாத் தெரியுதும்மா” என்றாள் அக்கா. இவ்வளவு வளையலைப் போட்டு ஊர் பூராவும் பார்த்தால் கண்ணேறு படாதா என்று மிளகாய் சுற்றிப் போட்டாள் அம்மா. நடுராத்திரி ஜன்னி வந்தது. மாட்டு வண்டியில் மெயின் ரோடு, அங்கிருந்து ஒரு லாரி. அக்கா பிழைத்துக்கொண்டாள். பிள்ளை இல்லை.

பத்து நாள் கழித்து மச்சான் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊர் நர்ஸம்மா எழுதியது. ரத்த அழுத்தம் கூடுதல், வாரம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். அட்டைதான் மாமியார் வீட்டு டிரங்குப் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில், பத்திரமாக இருந்துவிட்டது. எங்கள் ஊர் நர்ஸம்மாவுக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

அதனால்தான் அந்த 12 இலக்க எண்ணை என்னால் லேசாக நினைக்க முடியவில்லை. பணத்துக்கும் சான்றிதழுக்கும் இன்று அது சாவியாகிவிட்டது உண்மை. ஆனால் ஒரு பெண் புகுந்த வீட்டிலிருந்து தாய்வீடு போகும்போது அவளுடைய ரத்த அழுத்தமும் ரத்தத்தின் அளவும் பழைய பிரசவத்தின் விவரமும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர அதுதான் வழி. இங்கிருக்கும் நர்ஸம்மா அங்கிருக்கும் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, “என் புள்ள ஒருத்தி உங்க ஊருக்கு வாரா, பாத்துக்கோங்க” என்று நம்பரைச் சொல்வதை அன்றைக்கு நானே கேட்டேன். ‘என் புள்ள’ என்றுதான் சொன்னார்.

நர்ஸம்மாவுக்கு முன்னால் கரிசல் ஊர்களில் மருத்துவச்சிகள் இருந்தார்கள். நானே ஒரு மருத்துவச்சி கையில் பிறந்தவன்தான். அவருக்கு என் ஆத்தா கொடுத்த கூலி ஒரு மரக்கால் கம்பும் ஒரு சேலையும். இடுப்புவலி கண்டதும் வீட்டின் உள்ளறை வரை அவரைக் கூட்டிப்போன ஊர், மற்ற நாட்களில் வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் பேசியது. சாதி அப்படி. இன்றைக்குச் சிலர் ‘அந்தக் கால மருத்துவச்சி’ என்று உருகுகிறார்கள். அவர் கைப்பக்குவம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் வலி வந்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள். ரத்தம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று முன்கூட்டிப் பார்க்க அவரிடம் கருவி ஏதும் இல்லை. மிஞ்சியது என்ன என்று தெரிய வேண்டுமானால் எங்கள் பக்கத்து வண்டிப் பாதைகளில் நடந்து பாருங்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பேரில் நட்டது. அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று.

புதிதாக அப்படி ஒரு கல் நட்டதை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. 2001–03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20 கணக்கில் அது 54. அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் 301 என்பது 97 ஆகியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ்கள், 108 வண்டி, ரத்த வங்கி, ஒவ்வொரு தாயின் சாவையும் வீடு வரை போய் விசாரிக்கும் வழக்கம் எனப் பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. ஐயாயிரம் பேருக்கு ஒருவராக ஊர் ஊராய்ப் போகும் நர்ஸம்மாவும் அதில் ஒரு வடம் பிடித்திருக்கிறார். மேடையில் அவர் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

சென்னை மாகாணத்தில் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது 1926-ல். அதே 1926-ல்தான் இலங்கையில் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு மருத்துவ மாது என்று அங்கே அமைப்பு வளர்ந்தது. பயிற்சி பெற்ற அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். யாழ்ப்பாணத்து வாசகர்கள் அவர்களை ‘மிஸ்’ என்று சொல்லி எழுதுவார்கள். பணக்கார நாடாக இல்லாத காலத்திலேயே தாய்ச்சாவைக் குறைத்துக் காட்டியது அந்த நாடு. பெரிய ஆஸ்பத்திரிகள் வரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நம்மிடமும் பெருமைப்பட ஒன்று உண்டு. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று 2007-ல் நாட்டிலேயே முதலில் விதித்தது தமிழ்நாடு. அதன் பின்னால் இருந்தவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் சொன்ன முறையில் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140-ஐ எட்டினால் சர்க்கரை. மூன்று ஊர் சுற்றிவரும் டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற கர்ப்பிணியை மனதில் வைத்து யோசித்த முறை அது.

இப்போது வெயிலையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. கரிசல் காட்டில் நிழல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கண்மாய்க்கரை வேலிக்கருவை நிழல். மிளகாய்ப்பழம் எடுக்கிற பெண்ணிடம் ‘வெயிலில் போகாதே’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நர்ஸம்மா அப்படிச் சொல்லவில்லை. “பத்து மணிக்குள்ள எடுத்துட்டுக் கரையேறிரு. தூக்குச்சட்டியில நீராகாரம் கொண்டுபோ. கூலி கொறஞ்சா நான் உங்க மாமியாட்ட பேசுறேன்” என்றார்.

வாசகி அம்மா, டவுன் டாக்டரிடம் காட்டுவதை நான் குறை சொல்லவில்லை. என் அக்காவைக் காப்பாற்றியது டாக்டர்தான். ஆனால் அவரிடம் நீங்கள் போகிறீர்கள். குளித்து, நல்ல சேலை கட்டி, ‘எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். நர்ஸம்மா உங்கள் வீட்டுக்கு வருகிறார். உங்கள் அடுப்பு, குடிதண்ணீர், மருமகள் முகம், நீங்கள் அவளிடம் பேசுகிற தொனி எல்லாம் அவர் கண்ணில் படுகிறது. (அதனால்தான் உங்களுக்குக் கோபமோ என்று ஒரு சந்தேகம். மன்னியுங்கள்.) தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியனாக ஆகிவிட்ட காலம் இது. எது தேவையானது, எது அவசரத்தில் நடந்தது என்று கேட்க, ஒன்பது மாதமும் அவளைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பைத்தியக்காரத்தனமும் உண்டு: 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெறப்போய் ஓர் இளம்பெண் இறந்தார். பயிற்சி பெற்ற கை ஒன்று பக்கத்தில் இல்லை.

உங்கள் குறையில் ஒரு நியாயம் உண்டு. நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார் என்றீர்கள். அன்றைக்கு நாங்கள் ஐந்து வீடு போனோம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் துணை நிலையத்து டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து அதே ஐந்து பேரின் விவரத்தை ஒரு முறை நோட்டிலும் ஒரு முறை கணினிக்காகவும் ஏற்றிக்கொண்டிருந்தார். சிக்னல் போய்ப் போய் வந்தது. “வயித்தத் தொட்டுப் பாக்குற நேரத்தவிட இதுக்குத்தாண்ணே நேரம் போகுது” என்றார். கட்டைவிரலால் எலும்பை அழுத்திப் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தட்டச்சுக்காரராக்கி வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் யோசிக்கட்டும்.

முதல் வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூத்திரத்தில் லேசாகப் புரோட்டீன் இருந்தது. மாத்திரை கொடுத்து, வாரம் இரண்டு முறை வரச்சொல்லி, கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் பிரசவம் என்று இப்போதே முடிவாகியிருக்கிறது. மெட்டியைச் சோப்பு நுரை போட்டுக் கழற்றி மாமியார் உளுந்து டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாராம். பேறுகாலம் முடிந்து களி கிண்ட உளுந்து எடுக்கும்போது மெட்டியும் கிடைத்துவிடும் என்கிறார்.

அம்மா, உங்கள் மருமகள் எந்த மாதம் தாய்வீடு போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த ஊர், யார் வீடு, எந்தத் தேதி என்று வளைகாப்புக்கு முன்னாலேயே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அட்டையைப் பட்டுச்சேலைக்கு அடியில் வைக்காதீர்கள். மருமகள் கைப்பையில் போடுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது காப்பி கொடுங்கள். கருப்பட்டிக் காப்பி என்றால் இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொள்வார், நான் பார்த்தேன்.

அன்புடன்,
ஆசிரியர்